மனநல மருத்துவரின் சொல் எதுவரை செல்லும்?

கேள்வி இது: "ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. பேச்சை வைத்தே ஒருவருக்கு மனநோய் என்று சொல்லிவிடுகிறார்கள். இதை எப்படி நிபுணத்துவம் என்று ஏற்பது? மனநல மருத்துவமே ஒரு கற்பிதம் என்று சமூகவியலாளர்கள் சொல்கிறார்களாமே?"

அப்படிச் சொன்னவர்கள் உண்டு, குறிப்பாக 1960-களில். அதற்குப் பிறகு சமூகவியல் வெகுதூரம் வந்துவிட்டது. இன்று அது கேட்கும் கேள்வி வேறு. ஒரு தொழிலுக்கு என்ன தெரியும் என்பது ஒன்று, எந்தெந்த விஷயங்களில் அதன் சொல் செல்லும் என்பது இன்னொன்று. பல தொழில்களில் இவை இரண்டும் ஓரளவு பொருந்திப் போகும். மனநல மருத்துவத்தில் பொருந்துவதில்லை. அதற்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்களை வெளியே யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அரைகுறையாகத் தெரிந்த விஷயங்களில்தான் நீதிமன்றமும் காப்பீட்டு நிறுவனமும் அரசும் குடும்பமும் அதனிடம் வந்து தீர்ப்புக் கேட்கின்றன. இந்தப் பொருத்தமின்மை எப்படி உண்டானது, நடைமுறையில் என்ன செய்கிறது என்பதுதான் என் பதில்.

எல்லைச் சண்டை

மருத்துவம் தனித்து நிற்பதற்குக் காரணம் அதனிடம் உள்ள அறிவு மட்டுமே என்பதை சமூகவியலாளர் எலியட் ஃப்ரைட்சன் 1970-ல் மறுத்தார். தன் வேலை சரியா தவறா என்பதைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் உரிமையை அரசு அதற்குக் கொடுத்திருக்கிறது. எதை நோய் என்று அழைப்பது என்று முடிவுசெய்யும் உரிமையும் அதோடு சேர்ந்தே வருகிறது என்றார். எலும்பு முறிவில் இதனால் பெரிய சிக்கல் வராது. எக்ஸ்ரே படத்தை வேறொருவரும் பார்க்கலாம். துக்கம், பயம், கோபம், குடி, படிக்காத பிள்ளை என்று வரும்போது அந்த உரிமை பெரிய விஷயமாகிவிடுகிறது.

1988-ல் இன்னொரு சமூகவியலாளர் ஆண்ட்ரூ அபட் இன்னும் நுட்பமான கணக்கைக் கொடுத்தார். எந்தத் தொழிலும் மூன்று வேலைகளைச் செய்கிறது: வந்த பிரச்சினையை ஒரு வகைக்குள் போடுவது, அதிலிருந்து ஊகித்து ஒரு முடிவுக்கு வருவது, அதற்குத் தீர்வு கொடுப்பது. தொழிலின் உயிர் நடுவில் உள்ள ஊகத்தில் இருக்கிறது. எல்லாம் விதிமுறையாகி ஊகத்துக்கே இடமில்லை என்றால் அந்த வேலையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாமே ஊகம் என்றாகிவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். மனநல மருத்துவம் இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்துவிட்டது. 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஃப்ராய்டு வழி வந்த உளப்பகுப்பாய்வு கோலோச்சியபோது எல்லாமே ஊகமாக இருந்தது. 1980-க்குப் பிறகு நோயறிதல் அறிகுறிப் பட்டியலாக மாறியது. பட்டியலை யாரும் நிரப்பலாம் அல்லவா? உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், பொது மருத்துவர்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். நியூ மெக்சிகோ 2002-லும் லூசியானா 2004-லும் உரிய பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் மருந்து எழுதவே அனுமதித்தன.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விமர்சகர்கள் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 19-ம் நூற்றாண்டு மனநலக் காப்பகங்களை நிரப்பியிருந்த நோய்களில் ஒன்று ஜெனரல் பாரெசிஸ். நடுத்தர வயது ஆண்களுக்கு அளவற்ற பெருமித எண்ணங்கள் வரும், பிறகு பேச்சு குழறும், கைகால் தளரும், சில ஆண்டுகளில் மரணம். 1913-ல் நோகுச்சியும் மூரும் அந்த நோயாளிகளின் மூளையில் சிஃபிலிஸ் கிருமியைக் காட்டினார்கள். 1917-ல் வாக்னர்-யாவுரெக் மலேரியாக் காய்ச்சலை வரவழைத்துச் சிகிச்சை செய்தார். 1927-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பென்சிலின் வந்ததும் அந்த நோய் தொற்றுநோய்க் கணக்கில் சேர்ந்தது. வலிப்பு நரம்பியலுக்குப் போனது. பெலாக்ரா என்ற நோயோடு வரும் மனக்குழப்பம் நியாசின் என்ற வைட்டமினின் குறைபாடு என்று தெரிந்ததும் சத்துணவுக் கணக்கில் போனது. 2007-ல் இனங்காணப்பட்ட உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையின் என்எம்டிஏ ஏற்பியைத் தாக்கும் மூளையழற்சியும் அப்படித்தான். அதுவரை திடீர் மனப்பிறழ்வு என்று சேர்க்கப்பட்ட இளம்பெண்கள் பலர் இப்போது நரம்பியல் வார்டுக்குப் போகிறார்கள். காரணம் தெரிந்த நோய் துறையை விட்டு வெளியேறுகிறது, தெரியாதவை மிஞ்சுகின்றன. ஆகவே "நூறு ஆண்டுகளாக எந்தக் காரணத்தையும் கண்டுபிடிக்கவில்லை" என்ற குற்றச்சாட்டில் பாதி, எல்லை வரையப்பட்ட விதத்தின் விளைவு.

மீதிப் பாதி நியாயமானது. சமூகவியலாளர் ஓவன் வூலி 2019-ல் அமெரிக்க மனநல மருத்துவத்தின் வரலாற்றை அதன் அறியாமையை அது எப்படி நிர்வகித்தது என்ற கோணத்தில் எழுதினார். காப்பகச் சீர்திருத்தம், உளப்பகுப்பாய்வு, சமூக மனநலம், மூளை உயிரியல் என்று ஒவ்வொரு நெருக்கடியிலும் துறை ஒரு புதிய மொழிக்கு மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் "பழையது தவறு, இந்த வழியில் சீக்கிரமே தெரிந்துவிடும்" என்ற வாக்குறுதிதான். தெரியாததை எதிர்காலத்தின் பேரில் கடனாக எழுதிவைத்து இன்றைய அதிகாரத்தைக் காப்பாற்றிக்கொள்வது என்று இதை நான் சுருக்குவேன்.

பட்டியல் எப்படி வந்தது, எங்கே இடறுகிறது

1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஆட்சிக்குழு தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. எதிர்த்தவர்கள் பொது வாக்கெடுப்பு கோர, 1974-ல் 5,854 பேர் முடிவை ஆதரித்தும் 3,810 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். "நோயை ஓட்டுப் போட்டா தீர்மானிப்பது?" என்ற கேலி இன்றுவரை ஓயவில்லை. வாக்கெடுப்பே தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. புளூட்டோ கோளா இல்லையா என்பதை 2006-ல் வானியலாளர்களும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவுசெய்தார்கள். ஆனால் புளூட்டோவின் சுற்றுப்பாதை, நிறை பற்றி அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பெயர் மட்டுமே விவாதம். இங்கே ஓட்டுக்கு அடியில் அப்படி அளந்துவைத்த எதுவும் இல்லை.

அதே காலத்தில் இன்னொரு சங்கடமும் வெளிவந்தது. 1960-களின் இறுதியில் நியூயார்க்கையும் லண்டனையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு என்று சேர்க்கப்பட்டவர்கள் மிக அதிகம், லண்டனில் உன்மத்த-சோர்வு நோய் (அளவற்ற உற்சாகமும் கடும் சோர்வும் மாறிமாறி வருவது) என்று சேர்க்கப்பட்டவர்கள் அதிகம். நோயாளிகளிடம் வித்தியாசமா, மருத்துவர்களிடமா? ஒரே நேர்காணல் படங்களை இரு நாட்டு மருத்துவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒரு நோயாளியை அமெரிக்கர்களில் 69% பேர் மனச்சிதைவு என்றார்கள், பிரிட்டிஷ் மருத்துவர்களில் 2% பேர்தான் அப்படிச் சொன்னார்கள். வித்தியாசத்தின் பெரும்பகுதி மருத்துவர்களிடம் இருந்தது.

ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் 1980-ல் வந்த, அச்சங்கத்தின் நோய்ப் பட்டியல் நூலான டிஎஸ்எம்-மின் மூன்றாம் பதிப்பு இதற்குப் பதிலாக வந்தது. காரணக் கோட்பாடுகளை ஒதுக்கிவிட்டு, இத்தனை அறிகுறி, இத்தனை நாள் என்று எண்ணிக்கை வைத்தார்கள். விஞ்ஞானம் முதிர்ந்துவிட்டதால் எண்கள் வந்தன என்று நினைக்கத் தோன்றும். எண்கள் பெரும்பாலும் வெளியார் நெருக்கும்போது, உள்ளே ஒற்றுமை பலவீனமாக உள்ள தொழில்களில் வருகின்றன என்று வரலாற்றாசிரியர் தியடோர் போர்ட்டர் 1995-ல் காட்டினார். இங்கேயும் அதே கதை. காப்பீட்டு நிறுவனங்கள் எதற்குப் பணம் தருகிறோம் என்று கேட்டன. 1962-க்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு மருந்து வேலைசெய்கிறது என்று சோதனையில் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரே மாதிரியான நோயாளிக் குழு தேவைப்பட்டது.

பலன்? இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போவதை அளக்க கப்பா என்ற எண் உண்டு. 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் குருட்டாம்போக்கில் வரும் ஒற்றுமை. டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்புக்கான களச்சோதனையில் ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள், 4 மணி நேரம் முதல் 2 வாரம் வரையான இடைவெளியில், தனித்தனியே பார்த்தார்கள். 2013-ல் வெளியான முடிவுகள்: அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு 0.67, மனச்சிதைவு 0.46, பெரும் மனச்சோர்வு 0.28, பொதுவான பதற்றக் கோளாறு 0.20. உலகிலேயே அதிகமாக மருந்து எழுதப்படும் மனநோய்களில் ஒன்றான மனச்சோர்வு இந்த நான்கில் கீழிருந்து இரண்டாவதாக நிற்பதைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு குறைவு? பட்டியலையே கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகள். இரண்டு வாரம் நீடித்து, ஐந்தாவது இருக்க வேண்டும். அந்த ஐந்தில் சோர்ந்த மனநிலை அல்லது எதிலும் நாட்டமின்மை, இவற்றில் ஒன்றாவது கட்டாயம். கணக்குப் போட்டால் நிபந்தனையை நிறைவேற்றும் சேர்க்கைகள் 227. ஒரே நோய்ப்பெயர் பெற்ற இருவருக்குப் பொதுவாக ஒரே ஓர் அறிகுறி மட்டும் இருக்கலாம். அதுவும் தூக்கம் சம்பந்தப்பட்டது என்றால், ஒருவர் தூங்காமலும் மற்றவர் எழாமலும் இருக்கலாம். பட்டியலில் இரண்டும் ஒரே வரி. உண்மையான நோயாளிகளிடமும் இப்படித்தான் இருக்கிறது: 3,703 பேரின் தரவை 2015-ல் அலசியபோது, நுணுக்கமாகப் பிரித்தால் 1,030 வெவ்வேறு அறிகுறிக் கோலங்கள் கிடைத்தன.

சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் அறிகுறியை மட்டும் எண்ணினால் இயல்பான துக்கமும் நோயாகிவிடும் என்று ஆலன் ஹார்விட்ஸும் ஜெரோம் வேக்ஃபீல்டும் 2007-ல் வாதிட்டார்கள். நெருங்கியவர் இறந்து இரண்டு மாதம் வரையிலான சோர்வை நோயாகக் கொள்ள வேண்டாம் என்று நான்காம் பதிப்பில் ஒரு விலக்கு இருந்தது. 2013-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2022-ல் நீடித்த துக்கக் கோளாறு என்று தனி நோய்ப்பெயரும் சேர்ந்தது. பெரியவர்களுக்கு அந்தப் பதிப்பின்படி 12 மாதம் கடந்திருக்க வேண்டும்; உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-ல் 6 மாதம். கணவரை இழந்து எட்டாவது மாதத்தில் இருக்கும் பெண்ணின் தீராத துக்கம் ஒரு நூலின்படி நோயாகலாம், மற்றொன்றின்படி ஆக முடியாது. அவருடைய துக்கம் அதேதான்.

ஒத்துப்போவது வேறு, உண்மையாக இருப்பது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே தவறை ஒற்றுமையாகச் செய்யலாம். இந்தப் பட்டியலுக்கு ஒற்றுமை உண்டு, மெய்ம்மை இல்லை என்று 2013-ல் பகிரங்கமாகச் சொன்னவர் எந்தச் சமூகவியலாளரும் இல்லை. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் அன்றைய இயக்குநர் தாமஸ் இன்செல்.

கேஸ் ஷீட்

நிபுணத்துவம் கண்ணுக்கு முன் உருவாகும் இடம் கேஸ் ஷீட். மனநிலைப் பரிசோதனை என்று அதில் ஒரு பகுதி வரும்: தோற்றமும் நடத்தையும், பேச்சு, மனநிலை, சிந்தனை ஓட்டம், சிந்தனையின் உள்ளடக்கம், புலனுணர்வு, அறிதிறன், கடைசியில் நோய் பற்றிய தன்னுணர்வு. நன்றாகப் பயிற்சி பெற்றவர் இதைச் செய்யும்போது மதிப்புள்ள தகவல் கிடைக்கிறது. ஆனால் எழுதும் முறையில் ஒரு மாற்றம் நடக்கிறது. "பக்கத்து வீட்டுக்காரர் இரவில் சுவரைத் தட்டுகிறார்" என்று நோயாளி சொன்னது "துன்புறுத்தப்படுவதான மருட்சி" என்று ஏறுகிறது. "குரல் எதுவும் கேட்கவில்லை" என்று சொன்னது "மாயக்குரல் இருப்பதை மறுக்கிறார்" என்றாகிறது. சுவர் உண்மையிலேயே தட்டப்பட்டதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அதற்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அந்தத் தாளை அடுத்துப் படிக்கும் மருத்துவர் பார்ப்பது மருட்சியை மட்டுமே.

சமூகவியலாளர் டோரதி ஸ்மித் 1978-ல் ஒரு பெண்ணைப் பற்றிய விவரணையை வரி வரியாகப் பிரித்து இதைத்தான் காட்டினார். ஒவ்வொரு சம்பவத்தையும் தனியே எடுத்தால் வேறு விளக்கம் சாத்தியம். அடுக்கிய விதம்தான் "நோய்" என்ற ஒரே வாசிப்பை மிச்சம் வைக்கிறது. 1955-56-ல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் களப்பணி செய்து 1961-ல் எழுதிய சமூகவியலாளர் எர்விங் கோஃப்மனும் கோப்புகளைப் பற்றி இதே முறையீட்டை வைத்தார்: ஒருவர் பிரச்சினையை நிதானமாகச் சமாளித்த நாட்கள் கோப்பில் ஏறுவதில்லை.

பட்டியலின் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தனக்கு நோய் இல்லை என்று ஒருவர் சொன்னால் தன்னுணர்வு இல்லை என்று எழுதலாம். தன்னுணர்வு இல்லாததே நோயின் தீவிரத்துக்குச் சான்றாகலாம். கடும் உன்மத்த நிலையில் இருப்பவருக்கு இது உண்மையாகவே பொருந்தும். வங்கிக் கணக்கைக் காலி செய்துகொண்டே "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். ஆனால் மருந்தின் பக்கவிளைவு தாங்காமல் "இது எனக்கு வேண்டாம்" என்பவருக்கும் அதே சொல் பாய்கிறது. முதலாமவரையும் இரண்டாமவரையும் பிரித்துப் பார்ப்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது. படிவமோ இரண்டையும் ஒரே கட்டத்தில் போடுகிறது. முதல் அனுமதியில் அவசரத்தில் எழுதிய நோய்ப்பெயர் அடுத்தடுத்த டிஸ்சார்ஜ் குறிப்புகளில் நகலாகி, மூன்றாவது தடவைக்குள் யாரும் கேள்வி கேட்காத உண்மையாகிவிடுவதும் வழக்கமான கோளாறுதான்.

ஆரூடம் சொல்லும் வேலை

சமூகவியல் விமர்சனம் மிக வலுவாக நிற்கும் இடம் எதிர்காலக் கணிப்பு. 1966-ல் பாக்ஸ்ட்ரோம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தண்டனைக் காலம் முடிந்தவரை உரிய விசாரணை இல்லாமல் குற்றவாளி மனநோயாளிகளுக்கான மருத்துவமனையில் தொடர்ந்து அடைத்துவைக்க முடியாது. அதன் விளைவாக நியூயார்க் மாநிலத்தில் "ஆபத்தானவர்கள்" என்று கருதப்பட்ட 967 பேர் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். சமூகவியலாளர்கள் ஸ்டெட்மனும் கொகோசாவும் அவர்களைப் பின்தொடர்ந்து 1974-ல் எழுதினார்கள். எதிர்பார்த்த வன்முறை மிகச் சிறிய பங்கினரிடமே தென்பட்டது. 1983-ல் பேர்ஃபுட் வழக்கில் மரண தண்டனை விவாதத்தின்போது, நீண்டகால வன்முறை பற்றிய மனநல மருத்துவர்களின் கணிப்புகளில் மூன்றுக்கு இரண்டு தவறாகின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே நீதிமன்றத்திடம் எழுத்தில் சொன்னது. நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை அனுமதித்தது. எங்களுக்குத் தெரியாது என்று தொழிலே சொல்லியும், சட்டம் அதை நிபுணராகவே உட்காரவைத்தது.

இது மருத்துவர்களின் அசட்டையால் வருவது இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. 1,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 50 பேர் பிற்பாடு வன்முறையில் இறங்கப்போகிறவர்கள். ஒரு நல்ல கருவி அந்த 50-ல் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, மற்றவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விடுவிக்கிறது. பிடிபடுவோர்: உண்மையானவர்கள் 40, தவறாகப் பிடிபட்டவர்கள் 190. "ஆபத்து" என்று முத்திரை விழுந்த 230 பேரில் 40 பேர், அதாவது ஆறில் ஒருவர்தான் உண்மையில் ஆபத்தானவர். தற்கொலை இன்னும் அரிதானது என்பதால் கணக்கு இன்னும் மோசமாகிறது. ஐம்பது ஆண்டுகளின் 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான பகுப்பாய்வு, தற்கொலை எண்ணங்களையும் முயற்சிகளையும் முன்கூட்டிச் சொல்வது குருட்டாம்போக்கைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று கண்டது.

தவறு எப்போதும் ஒரே பக்கம் சாய்வதற்கும் காரணம் உண்டு. விடுவித்தவர் கொலை செய்தால் செய்தித்தாளில் மருத்துவர் பெயர் வரும். அடைத்துவைத்தவர் வெளியே இருந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்பது யாருக்கும் தெரியவே வராது. தவறு கண்ணில் படாத இடத்தில் திறமை வளர்வதில்லை. உள்ளுணர்வு எப்போது நம்பத்தக்கது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009-ல் சேர்ந்து எழுதினார்கள். சூழலில் நிலையான தடயங்கள் இருக்க வேண்டும், நம் முடிவு சரியா தவறா என்பது அடிக்கடி, சீக்கிரம் தெரியவர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் முப்பது ஆண்டு அனுபவம் சேர்ந்தாலும் தன்னம்பிக்கைதான் கூடும்.

சோவியத் ஒன்றியம் இதன் கோரமான முனை. மெல்ல நகரும் மனச்சிதைவு என்ற நோய்ப்பெயரை வைத்து அரசை எதிர்த்தவர்களை அடைத்தார்கள். 1977-ல் ஹொனலூலு மாநாட்டில் உலக மனநல மருத்துவச் சங்கம் கண்டித்தது. 1983-ல் சோவியத் அமைப்பு வெளியேறியது. அறிகுறி வரையறையைப் போதுமான அளவு தளர்த்திவிட்டால் அதிகாரம் கேட்கிற ஆளை எல்லாம் உள்ளே போட முடியும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

உறுதியாகத் தெரிந்தவை

தடயமும் பின்னூட்டமும் உள்ள இடங்களில் இதே மருத்துவர்கள் வேறு ஆட்களாகத் தெரிவார்கள். உன்மத்த-சோர்வு நோய்க்குத் தரும் லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் வேறேதோ தேடப்போய் அதன் பலனைக் கண்டார். அது எப்படி வேலைசெய்கிறது என்பதில் இன்னும் முடிவான பதில் இல்லை. ஆனால் கொடுக்கத் தெரியும். கடைசி வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். நீண்டகாலத்துக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வழக்கமான இலக்கு, சிலருக்கு 1.0 வரை. 1.5-ஐத் தாண்டினால் கை நடுக்கம் பெரிதாகும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குழறல் வரும். மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் இபுப்ரோஃபென், சில ரத்த அழுத்த மருந்துகள், கடும் வெயிலில் நீர் வற்றிப்போவது ஆகிய எல்லாமே அளவை ஏற்றிவிடும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

உடல்நோயைப் பிரித்தறிவதும் அப்படித்தான். எழுபது வயதுக்காரர் இரண்டு நாளில் திடீரென்று குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார், காலையில் தெளிவு, இரவில் மோசம் என்றால், தேர்ந்த மனநல மருத்துவர் மனப்பிறழ்வு மருந்தைத் தேடும் முன் சிறுநீர்த் தொற்று, சோடியம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, திடீரென்று நிறுத்திய குடி ஆகியவற்றைத் தேடுவார். இதில் அவர் தவறினால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். இந்த அறிவுக்கு மூளையைப் பற்றிய மாபெரும் கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. எந்த மருந்தை எப்போது நிறுத்துவது, எந்த அறிகுறி எந்த வேகத்தில் முற்றும், பிரசவத்துக்குப் பின் தூக்கமில்லாமல் குழம்பும் தாயை ஏன் அன்றைக்கே சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் இந்த வகை.

விமர்சகர்கள் சறுக்கிய இடங்கள்

மனநோய் என்பதே உருவகம் என்று மனநல மருத்துவரான தாமஸ் சாஸ் 1961-ல் சொன்னார். முத்திரைதான் நோயாளியை நிலைநிறுத்துகிறது என்று சமூகவியலாளர் தாமஸ் ஷெஃப் 1966-ல் சொன்னார். உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் 1973-ல் எட்டுப் போலி நோயாளிகள் 12 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதாகவும் சராசரியாக 19 நாள் வைத்திருக்கப்பட்டதாகவும் எழுதினார். பத்திரிகையாளர் சூசன்னா கஹாலன் 2019-ல் ஆவணங்களைத் தோண்டியபோது அந்த ஆய்வின் பல விவரங்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்று தெரிந்தது. இன்றும் அதை முதல் சான்றாக நீட்டுகிறவர்களைப் பார்த்தால், அவர்கள் படிப்பது அங்கேயே நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட ஆழமான சறுக்கல், கட்டமைக்கப்பட்டது என்றால் பொய் என்று பொருள்கொள்வது. தத்துவவாதி இயன் ஹேக்கிங் இதை நன்றாகப் பிரித்தார். அணுவுக்குள் இருக்கும் குவார்க் என்ற துகளுக்குத் தன்னை என்ன பெயரிட்டு அழைக்கிறோம் என்பது தெரியாது, மனிதருக்குத் தெரியும். ஒரு நோய்ப்பெயர் வந்ததும் மனிதர்கள் அதன் வழியே தங்களைப் புரிந்துகொள்கிறார்கள், மாறுகிறார்கள், அவர்கள் மாறியதால் வரையறையும் மாற வேண்டியிருக்கிறது. 1980-ல் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு பட்டியலில் ஏறியதற்கு வியட்நாம் போர் வீரர்களின் போராட்டம் முக்கியக் காரணம். அதனால் அவர்களுடைய கொடுங்கனவுகள் பொய்யாகிவிடவில்லை.

நிபுணர் வேறு, நிபுணத்துவம் வேறு என்று சமூகவியலாளர் கில் இயால் 2013-ல் பிரித்தது எனக்கு மிகப் பயனுள்ளதாகப் படுகிறது. ஒரு வேலையைச் செய்து முடிக்கத் தேவையான ஆட்கள், கருவிகள், கருத்துகள், இடங்கள் எல்லாம் சேர்ந்த வலைதான் நிபுணத்துவம். ஆட்டிசத்தை அவர் உதாரணம் காட்டுகிறார். அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளை நிறுவனங்களில் விட்டுவிடும் வழக்கம் முடிவுக்கு வந்ததும் பெற்றோர், பேச்சுப் பயிற்சியாளர், நடத்தைப் பயிற்சியாளர், ஆசிரியர் என்று ஒரு வலை உருவானது. மருத்துவரின் தனியுரிமை குறைந்தது. குழந்தையைப் பற்றிய அறிவு குறையவில்லை, கூடியது. 1980-களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் மாரியஸ் ரோம், சாண்ட்ரா எஷர் இருவரோடு தொடங்கிய குரல் கேட்போர் இயக்கமும் இந்த வரிசையில் வரும். குரல் கேட்டும் சிகிச்சை இல்லாமல் வாழ்க்கையை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்ற தகவல் மருத்துவமனைக்குள் இருந்து வந்திருக்கவே முடியாது. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் சமாளிக்க முடியாதவர்கள் மட்டும்தானே?

இதற்கும் எல்லை உண்டு. சமூகவியலாளர்கள் ஹாரி காலின்ஸும் ராபர்ட் எவன்ஸும் 2002 முதல் எச்சரித்துவருவது போல, அனுபவம் எல்லோரையும் எல்லாவற்றிலும் நிபுணராக்கிவிடாது. லித்தியம் உடம்பில் என்ன செய்கிறது என்பதை அதைச் சாப்பிடுகிறவரைப் போல யாரும் சொல்ல முடியாது. ரத்தத்தில் 1.4 என்று வந்தால் நாளை என்ன செய்வது என்பதை அவருடைய அனுபவம் சொல்லாது.

மருத்துவரிடம் போகும்போது இதை எப்படிப் பயன்படுத்துவது? அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். "இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் இந்த மருந்து பலருக்குக் கேட்கிறது" என்பது சோதிக்கப்பட்ட அறிவு. எத்தனை வாரத்தில் தெரியும், கேட்காவிட்டால் அடுத்து என்ன, நிறுத்தும்போது எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள், நல்ல மருத்துவரிடம் தெளிவான பதில் இருக்கும். "மூளையில் செரோடோனின் குறைந்திருக்கிறது" என்பது விளக்கம் போல ஒலிக்கும் வாக்கியம். யாரும் உங்கள் மூளையில் அதை அளக்கவில்லை, 2022-ல் வெளியான விரிவான மீளாய்வும் மனச்சோர்வுக்கு அதுவே காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் காணவில்லை. மருந்து வேலைசெய்கிறதா என்பது தனிக் கேள்வி. இந்த விளக்கம் பொய்த்ததற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, மின்னதிர்ச்சி போன்ற உணர்வுகள் வரலாம். "இவர் ஆபத்தானவர்", "இவர் இனி வேலைக்குப் போக முடியாது" போன்றவை கணிப்பு. எவ்வளவு காலத்துக்குள், எந்தச் சூழ்நிலையில், என்ன மாறினால் கணிப்பு மாறும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நோய்ப்பெயர் பல ஆண்டுகள் பழையது என்றால், முதல்முதலில் எந்த அறிகுறிகளை வைத்து அதை எழுதினார்கள் என்று பழைய குறிப்புகளை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய மருத்துவர் சுருக்கக் குறிப்பை மட்டும் படிக்காமல் முதல் அனுமதியின் தாள்களைப் படித்தால், நோய்ப்பெயரும் அதோடு மருந்தும் மாறுவதற்கு வாய்ப்பு உண்டு.